இடம் பத்தாது – 14: கார்டின் தலையில் ஒரு வட்டு

128 ஜிபி என்று சொல்லி விற்ற மடிக்கணினியில் விண்டோஸ் ஏன் 119 என்று காட்டுகிறது என்பதைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வகுத்தலை இன்னொரு முறை போட எனக்குப் பொறுமை இல்லை.

இந்த வாரம் அடிமூடியைக் கழற்றி எஸ்எஸ்டியை மாற்றுவது எப்படி என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு எஸ்டி கார்டு வந்து விழுந்தது.

உங்கள் வீட்டில் பழைய கேமரா கார்டு கிடந்தால் எடுத்துப் பாருங்கள். 32 மி.மீ. நீளம், 24 மி.மீ. அகலம், தபால்தலை அளவு. மேலே எஸ், டி என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த ‘டி’யை மட்டும் உற்றுப் பாருங்கள். வெளிச்சம் பட்ட சிடி மாதிரி இல்லையா? கார்டுக்குள் சுற்றுகிற பொருள் ஒன்றுமே கிடையாது. அப்புறம் வட்டு எதற்கு? இருபது வருடமாகக் கையாளும் எனக்கு இந்தத் திங்கட்கிழமை இரவுதான் அந்தச் சந்தேகம் வந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க அதிலேயே போய்விட்டது.

1995-ல் டோஷிபா அணி ‘சூப்பர் டென்சிட்டி’ என்று படம் பார்ப்பதற்கான ஒரு வட்டை முன்வைத்தது. எதிரணியில் சோனியும் பிலிப்ஸும் வேறொரு வட்டோடு நின்றன. விஎச்எஸ், பீட்டாமேக்ஸ் கேசட் சண்டையை உலகம் ஏற்கெனவே ஒருமுறை அனுபவித்திருந்தது. ஐபிஎம், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட கணினி நிறுவனங்கள், இரு தரப்பும் ஒரே வட்டோடு வந்தால்தான் ஆதரவு என்று நெருக்கின. ராஜியாகிப் பிறந்ததுதான் டிவிடி. அதில் பெரும்பங்கு டோஷிபா அணியின் நுட்பம். பெயர்தான் போயிற்று. பெயரோடு, ‘டி’யை வட்டாகப் போட்டு வரைந்த சின்னமும் வேலையில்லாமல் மூலையில் கிடந்தது.

1999-ல் டோஷிபா, சான்டிஸ்க், மாட்சுஷிதா (இன்றைய பானசோனிக்) மூன்றும் சேர்ந்து ‘செக்யூர் டிஜிட்டல்’ கார்டை அறிவித்தன. அதே எஸ், அதே டி! பழைய சின்னத்தைத் தூசி தட்டி எடுத்து ஒட்டிவிட்டார்கள். அண்ணனுக்குத் தைத்து அவன் போடாமலே விட்ட சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிடும் வீடுகள் ஜப்பானிலும் இருக்கும்போல.

ஆசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். சரி, மடிக்கணினி.

கார்டு துளை உள்ள மெலிந்த மடிக்கணினிகள் பலவற்றில் கார்டு பாதிதான் உள்ளே போகும், மீதி வெளியே துருத்தும். பைக்குள் வைத்தால் இடிபடும். இதற்கென்றே குட்டையான அடாப்டர்கள் வருகின்றன. 15-க்கு 11 மி.மீ. அளவுள்ள மைக்ரோ எஸ்டியை அதில் செருகி, அதைத் துளையில் தள்ளினால் விளிம்போடு விளிம்பாக உட்கார்ந்துவிடும். வெளியே எடுக்கத்தான் நகம் வேண்டும். துளை எவ்வளவு ஆழம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், பார்த்து வாங்குங்கள்.

ஆனால் அது பரண். பரணில் யாரும் சமைப்பதில்லை. இப்படிச் செருகும் கார்டுகளில் பெரும்பாலானவை யுஎச்எஸ்-1 வகை. அதன் உச்ச வேகமே நொடிக்கு 104 எம்பி. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500-ஐத் தாண்டும். கல்யாண வீடியோ, பழைய புகைப்படம், பாட்டு எல்லாம் பரணுக்குப் போகட்டும். மென்பொருளை அங்கே ஏற்றிவிட்டு மெஷின் இழுக்கிறது என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

பரண் என்று சொல்லும்போதே வயிறு எரிகிறது. போன வருடம் ஒரு கடையில் 512 ஜிபி கார்டு பாதி விலைக்குக் கிடைத்தது. “கண்ண மூடிக்கிட்டு வாங்குங்கண்ணே” என்றார் தம்பி. அப்படியே செய்தேன். உள்ளே இருந்தது 32 ஜிபி. கார்டின் கட்டுப்பாட்டுச் சிப்பையே பொய் சொல்லப் பழக்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் கேட்டால் 512 என்று கூசாமல் சொல்லும். 32 நிரம்பிய பிறகு போட்ட படங்களுக்குப் பெயர் இருந்தது, படம் இல்லை. அக்கா பெண்ணின் காதுகுத்து அதோடு போயிற்று.

அதனால் எந்தக் கார்டை வாங்கினாலும் முதல் வேலையாகச் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டு என்றால் மணிக்கணக்கில் ஆகும். ஆகட்டும், இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள்.

எஸ்எஸ்டி மாற்றுவது அடுத்த வாரம் நிச்சயம். அதுவரை யாரும் அடிமூடியைத் திறக்க வேண்டாம். உங்களுடையது போர்டிலேயே பற்றவைத்த ரகமாக இருந்தால், திறந்தாலும் மாற்றுவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது.