வரப்புத் தகராறும் மண்வெட்டிக் கேஸும்

ஜேடர்பாளையம் படுகை அணையில் பிரியும் ராஜவாய்க்கால் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் நெருக்கி நிற்கின்றன. வரப்பு ஓர் அடி நகர்ந்தாலும் பேச்சு தடித்துவிடுகிறது. அந்த நேரம் கையில் இருப்பது மண்வெட்டி. வழக்கு எவ்வளவு பெரிதாகும் என்பது பல சமயம் அதைப் பொறுத்ததுதான்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. கையால் அடித்து ஏற்பட்ட சாதாரண காயத்துக்கு 115(2)-ம் பிரிவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிறகு இருவரும் சமாதானமாகப் போகவும் வழி உண்டு. அதே காயம் அரிவாள், மண்வெட்டி பட்டு ஏற்பட்டால் 118(1). மூன்றாண்டு வரை சிறை. எலும்போ பல்லோ முறிந்தால் அது கொடுங்காயம். வெறுங்கையால் அடித்திருந்தாலும் 117(2)-ன்படி ஏழாண்டு வரை போகும். 'ஒரு பல்லுதானே' என்பதெல்லாம் கோர்ட்டில் எடுபடாது.

தற்காப்புக்கு உரிமை உண்டா? உண்டு. 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையைத் தருகின்றன. ஆனால் தடுப்பதற்குத் தேவையான அளவுக்குத்தான். போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. அடிக்க வந்தவர் திரும்பி ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

பட்டா கையில் இருக்கிற தைரியத்தில் அடுத்தவர் பயிரில் டிராக்டரை விடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1975-ல் பஞ்சாப் நிலத் தகராறு ஒன்றில் (பூரன் சிங் வழக்கு) உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஆக்கிரமித்தவரே ஆனாலும், நிலைத்த அனுபவத்தில் இருந்து பயிர் வைத்துவிட்டால், உண்மையான உரிமையாளர்கூடப் பயிரை அழித்து நிலத்தைப் பிடுங்க முடியாது. அப்போது தற்காப்பு உரிமை பயிர் வைத்தவர் பக்கம் போய்விடும். உரிமையாளருக்கு உள்ள வழி சிவில் கோர்ட்தான். எல்லைதான் பிரச்னை என்றால் தாலுகா அலுவலகத்தில் அளவைக்கு மனுக் கொடுத்துக் கல் நட்டுக்கொள்ளலாம்.

கைகலப்பு நடந்துவிட்டால், அடிபட்டவர் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயங்களைப் பதிய வேண்டும். எதிரியாகச் சேர்க்கப்பட்டவருக்கும் காயம் இருந்தால் அவரும் போக வேண்டும். 'முதலில் என்னைத்தான் அடித்தார்கள்' என்ற வாதத்துக்கு அந்தப் பதிவுதான் கால். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதையும், எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலையும் கேட்டு வாங்க வேண்டும், இலவசம்தான். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியலினத்தவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.