தோள் எங்கே மக்கர் செய்கிறது?

மூன்று மாதம் தாண்டியும் விடாத தோள்வலியை நாள்பட்ட வலி என்பது வழக்கம். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. கப்பலில் வந்த மூட்டையைச் சுமப்பவர், ஷட்டரை இழுப்பவர், மேல்தட்டிலிருந்து சரக்கை இறக்குபவர் என எல்லோருக்கும் கையைத் தூக்கிச் செய்கிற வேலை. தைலம் தேய்த்தே மாதங்கள் ஓடிவிடும். இத்தனைக்கும் செல்லுலார் சிறை வளாகத்தில் 1963இல் அமைந்த ஜி.பி. பந்த் மருத்துவமனை பஜாரை ஒட்டியே இருக்கிறது.

வலி தோளில்தான் பிறக்கிறதா என்பது முதல் கேள்வி. கழுத்தில் நரம்பு அழுந்தினால் வலி முழங்கையைத் தாண்டி இறங்கும், விரல் மரத்துப்போகும். பித்தப்பைக் கோளாறு வலது தோளில் வலியாகத் தெரியலாம். நடந்தால் வந்து, நின்றால் விடுகிற வலி என்றால் தோளை விட்டுவிட்டு உடனே இதயத்தைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, எந்தக் கருவியும் கேட்காத சோதனை. நோயாளி தானே கையைத் தூக்குகிறார். பிறகு மருத்துவர் அதே கையைப் பிடித்துத் தூக்குகிறார். தானாக ஏறாத கை பிறர் தூக்கினால் ஏறுகிறது என்றால், தோளைச் சுற்றியுள்ள நான்கு தசைகளின் தசைநாரில் கிழிசல் இருக்கலாம். 60 முதல் 120 டிகிரிக்குள் மட்டும் சுள்ளென்றால் தசைநார் எலும்புக்கடியில் உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். யார் தூக்கினாலும் ஏறவில்லையா? முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் திரும்பாமல், எக்ஸ்ரேயில் மூட்டுத் தேய்மானமும் இல்லையென்றால், அது மூட்டுறை இறுகிப்போன நிலை. பாஸ்டன் மருத்துவர் காட்மன் 1934இல் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று பெயர் வைத்தது இதற்குத்தான். பின்பாக்கெட்டுக்குக் கை போகாது. ஜாக்கெட் கொக்கி எட்டாது. சர்க்கரை நோயாளிகளிடம் இது பல மடங்கு அதிகம். ஆகவே தோள் இறுகியவருக்கு ரத்தச் சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பது நல்லது. காய்ச்சல், எடைக்குறைவு சேர்ந்தால் காசநோயையும் கட்டியையும் விலக்கியாக வேண்டும்.

எடுத்த எடுப்பில் எம்ஆர்ஐ கேட்பவர்கள் உண்டு. அறுபது வயதைக் கடந்த பலருக்கு வலியே இல்லாமலும் கிழிசல் தெரியும்; படத்தை மட்டும் நம்பி வைத்தியம் பார்த்தால் தேவையில்லாத அறுவையில் போய் நிற்கலாம். தசைநாரைப் பார்க்கப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டே போதும். அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால் தோள்முகட்டின் அடியில் மரப்பூசி செலுத்திப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் வலி விட்டால், அதன் ஊற்று அங்கேதான்.