எத்தனை யூனிட் ரத்தம் எடுத்து வைப்பது?

1963 மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸல் என்ற அறுவை மருத்துவர் மனிதருக்கு முதன்முறையாகக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தார். நோயாளி, பித்தநாளங்கள் சரியாக உருவாகாமல் பிறந்த 3 வயதுக் குழந்தை. ரத்தப்போக்கை நிறுத்தவே முடியாமல் அந்தக் குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. அடுத்து வந்த நோயாளிகளுக்கு, உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது. ஆனால் உறைகட்டிகள் நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ள, சில வாரங்களுக்குள் அவர்களும் இறந்தார்கள்.

ரத்தம் உறையாததால் ஒரு மரணம், உறைந்ததால் அடுத்தடுத்த மரணங்கள். கல்லீரல் கெட்டுப்போனவரின் ரத்தம் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த முதல் ஆண்டிலேயே தெரிந்துபோயிற்று. இன்றும் ஒவ்வொரு கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு முன்பும் ரத்த வங்கி கேட்கும் கேள்வி அதே சிக்கலைத்தான் தொடுகிறது: எத்தனை யூனிட் எடுத்து வைப்பது?

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவற்றைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. உறைதலுக்கு உதவும் தட்டணுக்களை உருவாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் ஹார்மோனும் முக்கியமாக அங்கிருந்தே வருகிறது. சிரோசிஸ் வந்து கல்லீரல் இறுகிப்போனால் இரண்டும் குறைகின்றன. குடலிலிருந்து கல்லீரலுக்கு வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் அழுத்தம் ஏறுகிறது; மண்ணீரல் வீங்கி, இருக்கிற தட்டணுக்களையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் இருக்கக் கூடாத இடங்களிலெல்லாம் மெல்லிய சிரைகள் புடைத்து நிற்கின்றன. பழைய கல்லீரலை எடுக்க அறுவை மருத்துவர் இந்தச் சிரைகளுக்கு நடுவில்தான் கத்தியை ஓட்ட வேண்டும்.

பழைய கல்லீரலை எடுத்தபின் புதியது இணைக்கப்படும் வரை உடலில் கல்லீரலே வேலை செய்யாத ஒரு கட்டம் உண்டு. உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் பொருளை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரலின் வேலை. அகற்ற ஆளில்லாமல் அது பெருகுகிறது. உருவான உறைகட்டிகளும் கரைகின்றன. இன்னொரு சங்கடமும் இதே நேரத்தில் வருகிறது. தானமாகப் பெற்ற ரத்தம் பைக்குள் உறையாமலிருக்க சிட்ரேட் சேர்த்திருப்பார்கள். அந்தச் சிட்ரேட்டைச் செரித்து வெளியேற்றுவதும் பெரும்பாலும் கல்லீரல்தான். கல்லீரல் இல்லாத உடலில் பைபையாக ரத்தம் ஏற்றினால் சிட்ரேட் தேங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயம் தளரும், உறைதலும் கெடும். உயிர் காக்க ஏற்றும் ரத்தமே அளவு மீறும்போது இப்படித் திரும்பித் தாக்குகிறது.

1980களில் ஸ்டார்ஸல் பிட்ஸ்பர்க்குக்கு மாறியபின் அந்த ஊர் இந்தச் சிகிச்சையின் தலைநகரமானது. அப்போது ஒரு நோயாளிக்கு 20, 30 யூனிட் என்பது சாதாரணம். 100 யூனிட்டைத் தாண்டியவர்களும் உண்டு. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல் ரத்தத்தைச் சூடாக்கி ஏற்றும் கருவியையே அங்கு உருவாக்க வேண்டியிருந்தது. ரத்த வங்கி தாங்கினால்தான் அறுவை நடக்கும் என்ற நிலை. அதனால்தான் யாருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று கணிக்கும் ஆய்வுகள் தொடங்கின.

அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று, கனடாவின் டொரோன்டோவில் மெக்ளஸ்கியும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட மதிப்பெண் முறை. நோயாளியின் வயது, ஹீமோகுளோபின், தட்டணுக்களின் எண்ணிக்கை, கிரியாட்டினின், அல்புமின், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர், முன்பே கல்லீரல் மாற்றப்பட்டவரா என்ற விவரம் ஆகியவற்றை வைத்து, 6 யூனிட்டோ அதற்கு மேலோ தேவைப்படும் வாய்ப்பைச் சொல்கிறது. எல்லாம் எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும் சாதாரணப் பரிசோதனைகள் என்பதே அதன் பலம்.

இந்தப் பட்டியலில் என்னை நெருடுவது ஐஎன்ஆர். வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்காக உருவான அளவு அது. உறைய வைக்கும் புரதங்களின் குறைவை மட்டுமே அது பார்க்கிறது. ஆனால் உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் இதே கல்லீரல்தான் செய்கிறது. சிரோசிஸில் அவையும் சேர்ந்தே குறைகின்றன. தராசின் இரண்டு தட்டிலும் எடையைக் குறைத்தால் முள் நடுவிலேயே நிற்பதுபோல, இவர்களின் ரத்தம் ஒரு புதிய சமநிலையில் இருக்கிறது. அந்தச் சமநிலை பலவீனமானது. எளிதில் எந்தப் பக்கமும் சாயலாம். 1963இல் டென்வரில் நடந்ததை இது நினைவூட்டுகிறது. ஐஎன்ஆர் கூடிவிட்டது என்பதால் மட்டும் ஒருவருக்கு ரத்தம் பெருகும் என்று சொல்லிவிட முடியாது.

இதை மான்ட்ரியலில் துணிந்து சோதித்தவர் லுக் மாசிகோட் என்ற மயக்கவியல் நிபுணர். ஐஎன்ஆரைச் சரிசெய்ய அறுவைக்கு முன்பே பிளாஸ்மா ஏற்றுவது அன்றைய வழக்கம். அவரது குழு அதை நிறுத்தியது. பிளாஸ்மா ஏற்றினால் ரத்தத்தின் கன அளவு கூடும், சிரைகளில் அழுத்தம் ஏறும், வெட்டிய இடத்தில் இன்னும் அதிகமாகக் கசியும் என்பது அவர்களின் வாதம். தொடக்கத்திலேயே நோயாளியிடமிருந்து கொஞ்சம் ரத்தத்தை எடுத்து வைத்துச் சிரை அழுத்தத்தைக் குறைத்து, பிறகு அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களின் நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு அறுவையின்போது பிறர் ரத்தம் ஒரு பை கூடத் தேவைப்படவில்லை. கல்லீரல் மாற்று மருத்துவத்தில் இவ்வளவு துணிச்சலும் தெளிவும் கொண்ட வேலைகள் குறைவு என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் கணிப்பு எதைக் கணிக்கிறது? ஒரே மாதிரியான நோயாளி ஓர் ஊரில் பத்து யூனிட் பெறுகிறார், இன்னோர் ஊரில் ஒன்றும் பெறுவதில்லை. பிரான்ஸில் பல மையங்களை ஒப்பிட்ட ஆய்விலும், எந்த மையம் என்பதைப் பொறுத்து ரத்தம் ஏற்றும் அளவு மாறுவது தெரிந்தது. ஹீமோகுளோபின் 8க்குக் கீழே போனதும் பையை மாட்டும் குழுவும், 7 வரை பொறுத்திருக்கும் குழுவும் ஒரே நோயாளிக்கு வேறு வேறு கணக்கு எழுதும். ஏற்றிய பைகளைத்தான் பதிவேடு சொல்லும். ஏற்ற வேண்டியிருந்த பைகளை அது சொல்லாது. ஆகவே பழைய பதிவுகளிலிருந்து செய்யும் கணிப்பில் நோயாளியின் உடல் பாதி, மருத்துவரின் பழக்கம் பாதி.

இப்போது இந்த வேலையை இயந்திரக் கற்றல் முறைகளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளின் விவரங்களைப் படித்து, மனிதர் கவனிக்காத தொடர்புகளை அவை கண்டெடுக்கக்கூடும். சீனாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இத்தகைய ஆய்வுகள் வந்தபடி இருக்கின்றன. ஆனால் தாராளமாக ரத்தம் ஏற்றும் மருத்துவமனையின் பதிவுகளைப் படித்த கணினி, தாராளமாகத்தான் கணிக்கும். அதை அப்படியே வேறு ஊருக்குக் கொண்டுபோனால் பிசகும். ஒவ்வொரு மையமும் தன் பதிவுகளில் சோதித்துப் பார்க்காமல் எந்த மாதிரியையும் நம்பக் கூடாது.

அறுவை நடக்கும்போதே துணை செய்வது பழைய கருவி ஒன்று. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஹெல்முட் ஹார்டெர்ட் 1948இல் விவரித்த திராம்போஎலாஸ்டோகிராபி, ஒரு துளி ரத்தம் எப்போது உறையத் தொடங்குகிறது, கட்டி எவ்வளவு உறுதியாகிறது, எப்போது கரைகிறது என்று வரைந்து காட்டும். 1980களில் பிட்ஸ்பர்க்கில் யூ கூ காங் அதை அறுவை அரங்குக்குக் கொண்டுவந்தார். எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்க அது வழி செய்தது. முந்தைய நாள் போட்ட கணக்கை நிமிடத்துக்கு நிமிடம் திருத்திக்கொள்ளவும் முடிகிறது.

இந்தியாவில் கணிப்புக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. இங்கு பெரும்பாலான கல்லீரல்கள் உயிருள்ள உறவினர் தருபவை; அறுவை நாள் முன்பே தெரியும். மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரல் என்றால் அழைப்பு நள்ளிரவிலும் வரலாம், ரத்த வங்கிக்குச் சில மணி நேரமே கிடைக்கும். பிளாஸ்மாவை உறைநிலையில் ஓராண்டு வைக்கலாம், சிவப்பணுக்களை 42 நாள் வரை வைக்கலாம். தட்டணுக்களோ 5 நாளில் வீணாகிவிடும். கூடுதலாகக் கணித்தால் ஒருவரின் தானம் குப்பைக்குப் போகும். குறைவாகக் கணித்தால் ஓர் உயிர் தத்தளிக்கும்.

கல்லீரலுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கணிப்புப் பட்டியலில் வயதை மாற்ற முடியாது, முந்தைய அறுவையை அழிக்க முடியாது. ஹீமோகுளோபினை மட்டும் பலருக்கும் காத்திருக்கும் காலத்திலேயே ஓரளவு உயர்த்தலாம். ரத்தசோகை இருக்கிறதா, அது இரும்புச்சத்துக் குறைவாலா, அறுவைக்கு முன் சரிசெய்ய வழி உண்டா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தட்டணு தானம் செய்ய முன்வரும் உறவினர்களும் நண்பர்களும் தேதி தெரிந்ததும் ரத்த வங்கியிடம் பேசி, அறுவைக்கு முந்தைய ஓரிரு நாட்களில் கொடுங்கள்.