எலிகளின் மாமா: மாமல்லபுரத்துப் பூனை பற்றி ஒரு குறிப்பு

செங்கல்பட்டில் நாங்கள் நாலு பேர் மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். ஏதாவது ஒரு பழைய கதையில் ஒரே ஒரு அத்தியாயத்தை எடுத்து, வாய்விட்டுப் படிப்போம். படிச்சு முடிச்சதும் சண்டை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருத்தர் (நாங்க ‘ஐயா’ன்னுதான் கூப்பிடுவோம்), வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், கல்லூரியில் படிக்கும் அவர் மகள், அப்புறம் நான். டீ, முறுக்கு செலவு முறை வைத்து.

போன மாசச் சண்டை இப்படி ஆரம்பிச்சது. அந்தப் பொண்ணு அப்போதுதான் டோல்கீனின் ‘ஹாபிட்’ படிச்சு முடிச்சிருந்தா. 1937இல் வந்த புத்தகம். அதில் இரண்டாவது அத்தியாயத்தில் மூணு பூதங்கள் குள்ளர்களைப் பிடிச்சுச் சாக்கில் கட்டிப்போட்டுட்டு, வறுக்கலாமா, அவிக்கலாமா, மேலே உட்கார்ந்து நசுக்கலாமான்னு தங்களுக்குள் சண்டை போடும். மந்திரவாதி மறைஞ்சு நின்னு, பூதங்களோட குரலிலேயே பேசி அந்தச் சண்டையை வளர்த்துவிடுவான். பொழுது விடிஞ்சுடும். வெளிச்சம் பட்டதும் மூணும் கல்லாப் போயிடும்.

“சிரிப்பு வந்துட்டா அப்புறம் அங்க ஆபத்து இல்லை. செத்துப் போறவங்களைப் பத்தி யாரும் ஜோக் அடிக்க மாட்டாங்க” என்றாள் அவள்.

ஐயா உடனே கல்கியைக் கூப்பிட்டார். “பொன்னியின் செல்வன்ல ஆழ்வார்க்கடியான் தடியும் கையுமா வந்து வாதம் பண்ண ஆரம்பிச்சா நமக்கு ஒரு தெம்பு வருதில்ல? சிவகாமியின் சபதத்துல குண்டோதரன் அப்படித்தான். அசடு மாதிரி நிப்பான், ஆனா ஒற்றன். கோமாளி பக்கத்துல இருக்கான்னா, காப்பாத்த ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

ரெண்டு பேர் சொன்னதும் சரிதான். முதலாவதில் சிரிப்பே ஆட்களைக் காப்பாத்துது. இரண்டாவதில் சிரிப்பு நமக்கு மூச்சு விட இடம் கொடுக்குது. ஆனால் எனக்கு ஒரு அத்தியாயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதில் நாம நல்லாச் சிரிக்கிறோம், ஆபத்து குறையவே இல்லை. சொல்லப்போனால் சிரிச்ச அந்த நேரத்தில்தான் ஆபத்து உள்ளே வருது. அதை இந்த மாசம் படிக்கலாம்னு சொன்னேன். படிச்சோம்.

மகாபாரதம், உத்யோக பருவம். போர் தொடங்கப் போகுது. பாண்டவர் படை குருக்ஷேத்திரத்தில் இரண்யவதி ஆற்றங்கரையில் பாசறை போட்டிருக்கு. துரியோதனன், சகுனி மகன் உலூகனைக் கூப்பிட்டு, பாண்டவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லி ஒரு வசைச் செய்தி கொடுக்கிறான். அதுக்கு நடுவில் தருமனுக்காக ஒரு கதை. நாரதர் தன் அப்பாவுக்குச் சொன்னதுன்னு ஒரு முத்திரையும் குத்தி அனுப்புறான். கதை இதுதான்:

ஒரு பூனை கங்கைக் கரையில் கையைத் தூக்கிக்கிட்டுத் தவம் பண்ணுது. ‘எல்லாத்தையும் விட்டுட்டேன், இனி அறம்தான்’ என்கிறது. ரொம்ப நாள் பார்த்துட்டு முதல்ல பறவைகள் நம்புது, கும்பிடுது. அப்புறம் எலிகள் வருது. “எங்களுக்கு எதிரிகள் ஜாஸ்தி. நீங்க எங்களுக்கு மாமாவா இருந்து, எங்க கிழடுகட்டை, குஞ்சு குளுவான் எல்லாத்தையும் காப்பாத்தணும்” என்று கேட்குது. பூனை கொஞ்சம் பிகு பண்ணுது. தவமும் பண்ணிக்கிட்டு உங்களையும் பார்த்துக்கிறது எப்படின்னு யோசிக்குது. சரி, உங்க நன்மைக்காக ஒத்துக்கிறேன். ஆனா தவத்துல உடம்பு தளர்ந்து போச்சு, நடக்க முடியலை. தினமும் நீங்கதான் என்னை ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போகணும்.

எலிகள் பூனையைச் சுமந்துகொண்டு போகும் காட்சி இருக்கே, அங்கதான் நாங்க நாலு பேரும் சிரிச்சோம். அண்ணனுக்கு டீ புரை ஏறிடுச்சு.

அதுக்கு அடுத்த வரியிலேயே பூனை எலிகளைத் தின்ன ஆரம்பிச்சுடுது. பூனை கொழுக்குது, எலிக் கூட்டம் குறையுது. ‘மாமா வளர்றார், நாம குறையறோமே’ன்னு எலிகளுக்குள் பேச்சு எழுது. டிண்டிகன் என்கிற எலி, நீங்க முன்னால ஆத்துக்குப் போங்க, நான் மாமாகூட வர்றேன் என்கிறது. அன்னைக்கு டிண்டிகனையே பூனை தின்னுடுது. கடைசியில் ஒரு கிழட்டு எலி சாட்சியங்களை அடுக்குது: பழமும் கிழங்கும் மட்டும் சாப்பிடுறவன் மலத்தில் முடி இருக்காது, இவன் மலத்தில் இருக்கு. இவன் உடம்பு ஏறுது, நம்ம எண்ணிக்கை இறங்குது. டிண்டிகனைக் கண்ணால் பார்த்து ஏழெட்டு நாள் ஆச்சு. அவ்வளவுதான். எலிகள் சிதறி ஓடுது. பூனையும் வந்த வழியே போயிடுது.

கதையில் பூனைக்குத் தண்டனை கிடையாது. காப்பாத்த கோமாளி கிடையாது. பொழுது விடிஞ்சு யாரும் கல்லாகவும் இல்லை. நாம சிரிச்ச இடத்தைத் திரும்பிப் பார்த்தால், எலிகள் தங்கள் சாவைத் தாங்களே தோளில் சுமந்துகிட்டுப் போன இடம் அது. பொண்ணு கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “அந்த இடத்துல நாமளும் பூனையை நம்பிட்டோம் இல்ல?” என்றாள். பூனை திங்கும்னு நமக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் அந்தச் சிரிப்பில் ஒரு நிமிஷம் அசந்துட்டோம்.

இதைப் படிச்சுட்டு மாமல்லபுரம் போகாமல் இருக்க முடியுமா? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர்தான். போனோம்.

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் சொல்லப்படுகிற அந்தப் பெரிய புடைப்புச் சிற்பம் உங்களுக்குத் தெரியும். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. 1984இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த மாமல்லபுரச் சின்னங்களில் ஒன்று. பாறைக்கு நடுவில் இயற்கையான ஒரு பிளவு, அதில் நாகர்கள். பிளவுக்கு இடதுபக்கம் ஒரு தவசி, ஒற்றைக் காலில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறார். விலா எலும்பெல்லாம் தெரியும். பக்கத்தில் வரம் கொடுக்கும் சிவன். வலதுபக்கம் கீழே யானைகள். எல்லாரும் யானையோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கொஞ்சம் நில்லுங்க. பெரிய யானையின் தந்தத்துக்கு முன்னால், கீழே பாருங்க. ஒரு பூனை பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே தவசி நிற்கிற அதே கோலம். சுற்றிலும் எலிகள்.

இந்தச் சிற்பம் யாருடைய தவம் என்ற விவாதம் ரொம்பப் பழசு. பாசுபதம் வாங்கத் தவம் செய்த அர்ச்சுனன் என்று ஒரு கட்சி, கங்கையைக் கொண்டுவரத் தவம் செய்த பகீரதன் என்று இன்னொரு கட்சி. வேடிக்கை என்னன்னா, இந்தப் பூனை ரெண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லும். கதை மகாபாரதத்தில் வருது, அதனால் அர்ச்சுனன் பக்கம். பூனை நிற்பது கங்கைக் கரையில், அதனால் பகீரதன் பக்கம். பூனையை நம்பி இந்த வழக்கை முடிக்க முடியாது. பூனையை நம்பி எதையுமே முடிக்கக் கூடாதுன்னுதானே கதையும் சொல்லுது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேற. உண்மையான தவத்தைச் செதுக்கிய அதே பாறையில், அதே கோலத்தில் பொய்த் தவத்தையும் ஒரு சிற்பி செதுக்கியிருக்கிறார். கல்லில் ரெண்டும் ஒரே மாதிரி நிக்குது. நிக்கிற விதத்தை வெச்சு எது நிஜம்னு சொல்ல முடியாது. மேலே உள்ளவருக்குப் பக்கத்தில் யார் நிக்கிறாங்க, கீழே உள்ளதுக்குப் பக்கத்தில் யார் நிக்கிறாங்கன்னு பார்க்கணும்.

பல்லவர்களுக்குச் சாமியார்களைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் உண்டு. ராஜாவே சிரிச்சிருக்கிறார். முதலாம் மகேந்திரவர்மன் எழுதிய ‘மத்தவிலாசப் பிரகசனம்’ காஞ்சியில் நடக்கும் ஓரங்க நாடகம். குடித்துவிட்டுத் திரியும் காபாலிகன் தன் கபால பாத்திரத்தைத் தொலைச்சுட்டு, ஒரு பௌத்த பிக்ஷுதான் எடுத்துட்டார்னு சண்டைக்குப் போவான். உள்ளபடி அதில் கறி இருந்ததால் ஒரு நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். செங்கல்பட்டுக்குப் பக்கத்திலேயே வல்லத்தில் ஒரு குடைவரை இருக்கு. மகேந்திரனுக்குக் கீழ்ப்பட்ட வயந்தப்பிரியரசன் மகன் கந்தசேனன் செய்வித்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டில் சத்துருமல்லன், குணபரன் என்று மகேந்திரனின் பட்டப்பெயர்கள் இருக்கும். அந்த நாடகம் எழுதிய ராஜா எங்க ஊர்க்காரர் மாதிரிதான் எங்களுக்கு.

ஆனால் மத்தவிலாசத்தில் யாரும் சாகவில்லை. பாத்திரம் கிடைச்சுடும், எல்லாரும் சமாதானமாகிடுவாங்க. பூனைக் கதையில் அதே சிரிப்பு, கீழே பிணங்கள். வேஷத்தைப் பார்த்துச் சிரிக்கிறது சுலபம். அந்த வேஷத்துக்கு நாம என்ன கொடுத்தோம் என்கிற கணக்கு வரும்போதுதான் சிரிப்பு நிக்குது.

இதை எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாடு முழுக்கத் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைச்சது ஞாபகம் இருக்கும். எங்க அப்பா தன் சேமிப்பை அப்படி ஒருத்தரிடம் போட்டார். வருஷத்துக்கு 24 சதவீதம் வட்டி. கடை நடத்தினவர் நெற்றி நிறைய விபூதி, வெள்ளிக்கிழமை தவறாமல் அன்னதானம். அவர் பேசினால் தெருவே சிரிக்கும். அப்பாவை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார். இங்கே உறவு முறை மட்டும் தலைகீழ். நாலைந்து பேருக்கு வட்டி தாமதமானபோது, “அவருக்கே கஷ்டம் போல, நாமதான் தாங்கணும்”னு அப்பா இன்னும் கொஞ்சம் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார். தூக்கிட்டுப் போறதுன்னா இதுதான். ஒருநாள் கடை பூட்டியிருந்தது. 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டமே வந்தது. எங்க பணம் வரலை. ரொம்ப வருஷம் கழிச்சும் அப்பா அந்த மனுஷன் சொன்ன ஜோக்கையெல்லாம் சொல்லிச் சிரிப்பார், சிரிச்சுட்டு அமைதியாகிடுவார்.

தமிழில் இதுக்கு ஒரு சொல் இருக்கு: ருத்திராட்சப் பூனை. சம்ஸ்கிருதத்திலும் உண்டு. மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம் இப்படிப்பட்டவனுக்கு ‘பைடால விரதிகன்’, அதாவது பூனை விரதக்காரன் என்று பெயர் வைக்குது. ஆனா பெயர் தெரிஞ்சிருக்கிறது நம்மைக் காப்பாத்தாது. அப்பாவுக்கும் அந்தச் சொல் தெரியும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லணும். இந்தக் கதையைச் சொல்வது யார்? துரியோதனன். யாரைப் பூனை என்கிறான்? தருமனை. கொண்டுபோறது யார்? உலூகன். உலூகம் என்றால் ஆந்தை. எலிக் கதையை ஆந்தையிடம் கொடுத்து அனுப்பியிருக்கான்! கதை அருமையான கதை, குறி தப்பான குறி. வேஷதாரியை அடையாளம் காட்டும் ஜோக்கையே இன்னொரு வேஷதாரி ஆயுதமா எடுத்துக்கலாம். அதனால் ‘அவன் பூனை’ன்னு ஒருத்தர் நம்மைச் சிரிக்க வைக்கும்போதும் கொஞ்சம் உஷாராத்தான் இருக்கணும்.

அப்போ எதை நம்புறது? அந்தக் கிழட்டு எலி செய்ததைத்தான். அது பூனையின் தவக் கோலத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. கதை கேட்டுச் சிரிக்கலை, கோபப்படவும் இல்லை. மலத்தைப் பார்த்தது. யார் பெருக்கிறாங்க, யார் குறையறாங்கன்னு எண்ணியது. யாரைக் காணோம்னு கேட்டது. மூணே கேள்வி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஐயா, “டிண்டிகனுக்கும் சந்தேகம் இருந்திருக்கும்ல? அப்புறம் ஏன் தனியாப் போச்சு?” என்று கேட்டார். அண்ணன், “மாமாவைச் சந்தேகப்பட்டோமேன்னு வெட்கமா இருந்திருக்கும்” என்றார். எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. பதில் சொல்லலை.

அடுத்த மாசம் பஞ்சதந்திரம். முயலுக்கும் பறவைக்கும் நியாயம் சொல்ல ஒரு பூனை வரும் அத்தியாயம். சிரிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிக்கை எடுத்துக்கணும்னு அந்தப் பொண்ணு இப்பவே சொல்லிட்டா.