முகம் பார்த்துப் பழகட்டும் எம் பிள்ளைகள்

மாலை வேளையில் குறிஞ்சிப்பிட்டியின் ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். மதிலோரமாக ஐந்தாறு சிறுவர்கள் அமர்ந்திருப்பார்கள். ஒன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு கைத்தொலைபேசியில். பக்கத்திலிருப்பவன் முகம் வாடியிருப்பதை எவரும் கவனிப்பதில்லை.

கற்பிட்டிக் குடாநாட்டில் முன்னைய தலைமுறை மனிதரைப் படித்தது வேறு விதமாக. கரைவலை இழுக்கும் இடத்தில் நின்ற சிறுவனுக்கு, அன்றைய பாடு எப்படி என்பது சம்மாட்டியின் முகத்திலேயே தெரிந்துவிடும். விளையாட்டில் சண்டை பிடிப்பார்கள். மறுநாள் தாமாகவே சமாதானமாவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல இக்குடாநாட்டில் குடியேறின. ஊரவரும் வந்தவரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இந்தப் பழக்கமே தேவைப்பட்டது. இன்றும் தேவைப்படுகிறது.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. கடன்பட்டேனும் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தோம். பின்னர் பாடசாலைகள் திறந்தன. தொலைபேசியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது.

ஐந்து நாட்களில் ஒரு மாற்றம்

2014 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 51 பேர் தொலைபேசியோ தொலைக்காட்சியோ இல்லாத முகாமொன்றில் 5 நாட்கள் தங்கினர். வேறு 54 பேர் வழமைபோல் இருந்தனர். முகங்களைப் பார்த்து மகிழ்ச்சி, கவலை, பயம் ஆகியவற்றை இனங்காணும்படி இரு பகுதியினரிடமும் கேட்கப்பட்டது. முகாமுக்குச் சென்ற பிள்ளைகளே கூடுதலாக முன்னேறியிருந்தனர்.

இது சிறியதோர் ஆய்வு. திரை இல்லாமையா, நண்பர்களோடு கழித்த நேரமா காரணம் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. ஆயினும் பிறர் மனதை அறியும் திறன் பழக்கத்தால் வளர்வது என்பதை அது உணர்த்துகிறது. அந்தப் பழக்கத்துக்குரிய மணித்தியாலங்களைத்தான் இணையம் எடுத்துக்கொள்கிறது.

தடை போதுமா?

தொலைபேசியைப் பறித்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்யும் தாயின் முகத்தைப் பிள்ளை காண்பது அதில்தான். அந்த அழைப்பு உறவை வளர்க்கிறது. அதன் பின் நள்ளிரவு வரை தொடரும் விளையாட்டும் காணொளியும்தான் உறவைத் தின்கின்றன.

இராச் சாப்பாட்டு வேளையில் வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் ஓரிடத்தில் வைப்போம். முதலில் பெரியவர்கள் வைக்கட்டும். உறங்கும்போது அது பிள்ளையின் பாயருகே வேண்டாம். மாலையில் ஒரு மணித்தியாலமாவது விளையாட அனுப்புவோம். சண்டை வந்தால் உடனே குறுக்கிடாமல், அவர்களே தீர்த்துக்கொள்ள விடுவோம்.

சிந்திப்போம்: இன்று எமது பிள்ளை யாருடைய முகத்தைப் பார்த்துப் பேசியது? நாம் அதன் முகத்தைப் பார்த்துப் பேசினோமா?