குஞ்சு வெளியே வரும்வரை

முட்டை ஓட்டில் வெடிப்பு விழுந்து ஒரு இரவு முழுவதும் போய்விட்டது. உள்ளே இருந்து 'கீச், கீச்' என்று சத்தம் கேட்கிறது. ஆனால் குஞ்சு வெளியே வரவில்லை. உடைத்து விடலாமா, விடக் கூடாதா? என்னிடம் முட்டை கொண்டுவந்து தரும் பெண்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலாவது. வேறு எந்தக் கேள்வியிலும் இல்லாத பதற்றம் இதில் இருக்கும்.

நான் இருப்பது புளியந்தீவில், பெரியாஸ்பத்திரிக்குக் கிட்டிய ஒரு ஒழுங்கையில். கோழி வளர்க்க எனக்கு வளவு இல்லை. இருப்பது சின்ன வீடும், அதன் பின்னறையில் குஞ்சு பொரிக்கும் பெட்டிகள் இரண்டும்தான். கிளினிக்குக்கு வரும் பெண்கள் வருகிறபோதே முட்டையையும் கொண்டுவருவார்கள். படுவான்கரையில் இருந்தும், கிரானில் இருந்தும், வாகரையில் இருந்தும்கூட வருவார்கள். பத்துக் குஞ்சு பொரித்தால் இரண்டு எனக்கு. பொரிக்காத முட்டைக்குக் கூலி இல்லை. இதுதான் எங்களுக்குள் உள்ள பேச்சு.

கோழியே அடைகாக்கும்போது பெட்டி எதற்கு என்று கேட்கலாம். ஒரு ஊர்க்கோழி பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுக்கும். 21 நாள் அடை. அதன்பிறகு குஞ்சுகளோடு திரியும் காலம் இரண்டு மாதத்துக்கும் மேல். அந்த மூன்று மாதமும் அந்தக் கோழியிடம் இருந்து ஒரு முட்டை கிடைக்காது. முட்டையை எடுத்துப் பெட்டியில் வைத்து, கோழியின் அடையைத் தெளியவைத்துவிட்டால், சில கிழமைகளில் மீண்டும் முட்டையிடத் தொடங்கிவிடும். இரண்டு மூன்று கோழிகளை மட்டும் நம்பி இருக்கிற வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெட்டி ஒன்றும் பெரிய இயந்திரம் அல்ல. மீனுக்கு ஐஸ் போட்டு அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான் என்னுடைய முதல் பெட்டி. அதற்குள் 40 வோட்ஸ் குண்டு பல்ப் ஒன்று, சூடு கூடினால் பல்பை நிறுத்தி, குறைந்தால் போடும் தேமோஸ்டாட் ஒன்று, பழைய கொம்பியூட்டரில் கழற்றிய சின்ன விசிறி, தண்ணீர்த் தட்டு, அதன் மேல் கம்பிவலை. வெப்பமானியை முட்டையின் உயரத்திலேயே வைக்கவேண்டும். மூடியில் தொங்கவிட்டால் அது காட்டுவது மூடியின் சூட்டை, முட்டையின் சூட்டை அல்ல. எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது, அதில் சூடு இல்லை. பல்ப் ரெஜிபோமில் முட்டாமல் தகரமோ கம்பியோ இடையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். வயர் வேலையை அது தெரிந்த ஒருவரைக் கொண்டு செய்யுங்கள்.

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை செல்சியஸ். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேற்பக்கத்தில் 38.5 பாகை அளவில் இருக்கவேண்டும். குளிரைவிடச் சூடுதான் ஆபத்து. தாய்க்கோழியும் தீன் பொறுக்க ஒவ்வொரு நாளும் அடையை விட்டு எழும்பித்தான் போகிறது, அந்த நேரம் முட்டை ஆறும். அதனால் கொஞ்ச நேரக் குளிரை முளையம் தாங்கும். 40 பாகைக்கு மேலே போய் நின்றால் தாங்காது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிறுத்தினார்களே, அந்த நாட்களில் பெட்டியின் துவாரங்களைப் பாதி அடைத்து, பழைய கம்பளியால் மூடி, வெந்நீர்ப் போத்தல்களை உள்ளே வைத்து மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டேன். குஞ்சுகள் ஒருநாள் பிந்தி வந்தன, வந்தவை நன்றாகவே இருந்தன.

எகிப்தில் மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகக் குஞ்சு பொரிக்கிறார்கள். வெப்பமானி இல்லாத காலத்தில், முட்டையைக் கண் இமையில் வைத்துப் பார்த்தே சூட்டை அறிந்தார்கள். பங்களாதேசத்தில் கிராமத்துப் பெண்கள் மூங்கில் கூடைக்குள் உமியை அடைத்து, முட்டைகளைத் துணியில் பொதிந்து நடுவில் வைத்து, மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டிலேயே பொரிக்கவைக்கிறார்கள். நாள் முற்றிய முட்டைகள் தாங்களே சூட்டை விடும், அந்தச் சூட்டில் புது முட்டைகள் வளரும். உமிக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? கரண்ட் இல்லாத வீடுகளுக்கு இதை யாராவது இங்கே பழக்கிக் கொடுத்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது.

ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் புள்ளடி, மறு பக்கம் வட்டம் போட்டு, நாளுக்கு மூன்று தரம் கிறுக்கி வைக்கவேண்டும். கிறுக்காவிட்டால் முளையம் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏழாம் நாள் இருட்டறையில் டோர்ச் லைட் பிடித்துப் பார்த்தால், நல்ல முட்டைக்குள் சிலந்தி வலை மாதிரிச் சிவப்பு நரம்புகள் தெரியும். தெளிவாக இருந்தால் கருக்கட்டாத முட்டை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் இடையில் இறந்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூழ்முட்டை பெட்டிக்குள் வெடித்தால் அந்த நாற்றத்தோடு மற்ற முட்டைகளும் கெடும். கடையில் வாங்கும் பாம் முட்டை பொரிக்காது, அங்கே சேவலோடு விடுவதில்லை.

ஈரப்பதன் விடயத்தில் புத்தகத்தை அப்படியே நம்பி எங்கள் ஊரில் வேலை செய்ய முடியாது. முதல் 18 நாளும் 50 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாளும் 65க்கு மேல் என்று எழுதியிருப்பார்கள். நான்கு பக்கமும் வாவி சூழ்ந்த தீவில், மாரிகாலத்தில் தண்ணீர்த் தட்டு இல்லாமலே பெட்டி ஈரமாகத்தான் இருக்கும். அப்போது தட்டை எடுத்துவிடுவேன். ஈரம் கூடினால் முட்டையின் பெருத்த முனையில் உள்ள வளியறை பெருக்காது, குஞ்சு உள்ளேயே திணறும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மாறி, ஒரு தட்டுத் தண்ணீர் காணாது, இரண்டு வைக்கவேண்டும்.

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

பதினெட்டாம் நாளோடு கிறுக்குவதை நிறுத்தி, தண்ணீரைக் கூட்டி, மூடியை மூடிவிடவேண்டும். இருபதாம் நாள் அளவில் குஞ்சு முதலில் உள்ளே இருக்கும் மென்சவ்வைக் குத்தி, வளியறைக்குள் அலகை நீட்டும். அதன் வாழ்க்கையில் முதல் மூச்சு அதுதான். நாங்கள் கேட்கும் சத்தமும் அதற்குப் பிறகுதான். மறுகா அலகின் நுனியில் இருக்கும் சின்னப் பல் போன்ற முனையால் ஓட்டைக் குத்தும். வெளியே நட்சத்திரம் மாதிரி ஒரு வெடிப்புத் தெரியும்.

அதன்பிறகு ஒன்றும் நடக்காது. பன்னிரண்டு மணித்தியாலம், பதினெட்டு, சில வேளை இருபத்து நான்கும் ஆகலாம். வெளியில் இருந்து பார்க்கும் எங்களுக்கு அது களைத்துச் சாகப்போகிற மாதிரி இருக்கும். உள்ளே நடப்பது வேறு. ஓட்டின் உட்பக்கச் சவ்வில் ஓடிய இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சின் உடம்புக்குள் போகிறது. மிச்சமிருக்கும் மஞ்சட்கரு தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுபடுகிறது. இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் குஞ்சு கிறுகிக் கிறுகி ஓட்டை வட்டமாக வெட்டி, காலால் உதைத்து வெளியே வரும். முடிவதற்கு முன் நாங்கள் ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும், அல்லது மஞ்சட்கரு வெளியே தொங்கும். அந்தக் குஞ்சு பிழைப்பது அரிது.

இன்னொன்று. என்ன நடக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகப் போய்விடும். சவ்வு காய்ந்து, பொலித்தீன் சுற்றியது போலக் குஞ்சை இறுக்கும். தானாக வரக்கூடிய குஞ்சு இப்படித்தான் வரமுடியாமல் போகிறது.

அப்படியென்றால் கை வைக்கவே கூடாதா? வைக்கவேண்டிய நேரமும் உண்டு. அதைச் சொல்ல ஒரு உதாரணம் தருகிறேன்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி மத்தியானம் போல ஓடிவந்தாள். அவளுடைய ஒரே அடைக்கோழியை அன்று விடியப்புறம் கீரி பிடித்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் அடை. பதினொரு முட்டையையும் பழைய சாறத்தில் பொதிந்து, மடியில் வைத்து, மண்முனைப் பாலத்தால் பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள். 2014க்கு முந்தி என்றால் அங்கே பாதைக்காகக் காத்து நிற்கவேண்டும், முட்டை ஆறியிருக்கும். "2007 மார்ச்சில ஷெல்லடிக்குள்ள கூட்டைத் துறந்து விட்டுட்டு ஓடினம் அக்கா. முகாமில இருந்து திரும்பிப் போகக்குள்ள ஒரு பேடுதான் வளவுக்க நிண்டிச்சி. அதுட வழியில வந்த கோழி இது. அம்மா வளத்த இனம்" என்றாள். அம்மா இப்போது இல்லை.

வெளிச்சத்தில் பார்த்தேன். எட்டு முட்டையில் உயிர் இருந்தது. சரியான நாளில் ஆறு தானாகப் பொரித்தன. ஏழாவது, ஒடுங்கிய முனையில் குத்தியிருந்தது. தலை மாறிக் கிடக்கும் குஞ்சு அப்படித்தான் குத்தும், அதற்கு வளியறை கிடையாது. அவள் இரண்டு நாளாக என் வீட்டிலேயே தங்கியிருந்தாள். "உடைச்சி விடுங்கக்கா, கத்துது" என்று இரவெல்லாம் நின்றாள். "பொறு புள்ள, இன்னும் ரத்தம் இழுபடல்ல" என்றேன்.

இருபத்து நான்கு மணித்தியாலம் கடந்தது. வெடிப்பு ஒரு நூல்கூட நீளவில்லை. வெள்ளையாக இருக்கவேண்டிய சவ்வு மண்ணிறமாகிக் கடதாசி போலக் காய்ந்துவிட்டது. சத்தமும் குறைந்து வந்தது. இதுதான் கை வைக்கும் நேரம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, அலகில் படாமல் சவ்வை ஈரமாக்கினேன். வெடிப்பைச் சுற்றி நகத்தளவு ஓட்டை மட்டும் எடுத்தேன். ஈரமான சவ்வில் சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தது. உடனே நிறுத்தி, முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். நான்கு மணித்தியாலம் கழித்துப் பார்த்தபோது கோடு மறைந்திருந்தது. அதன்பிறகுதான் அலகுக்கு மேலே இருந்த சவ்வை விலக்கி, தலை வெளியே வரும் அளவுக்கு ஓட்டை எடுத்தேன். மீதி அரைவாசியில் கை வைக்கவில்லை. கடைசி உதை குஞ்சின் வேலை, தொப்புள் அதில்தான் தானாகக் கழரும். ஒன்றரை மணித்தியாலத்தில் வெளியே வந்து கிடந்தது.

எட்டாவது ஓட்டுக்குள்ளேயே இறந்திருந்தது. எல்லாக் குஞ்சும் பிழைக்கும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. உதவி செய்து எடுத்தவற்றிலும் சில இரண்டு நாளில் போய்விடும். உள்ளே ஏதோ குறை இருந்ததால்தான் அவற்றால் வரமுடியாமல் இருந்திருக்கும். அவள் ஏழு குஞ்சோடு போனாள். அதில் நான்கு பேடு என்று பிறகு சொல்லி அனுப்பினாள். அந்த முறை நான் கூலி எடுக்கவில்லை.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீன் வைக்கப் பதறவேண்டாம். உள்ளே இழுத்த மஞ்சட்கரு இரண்டு நாளுக்குப் போதும். உடம்பு காய்ந்து பஞ்சு போல ஆனதும் சூடான பெட்டிக்கு மாற்றுங்கள். முதல் கிழமை 32 முதல் 35 பாகை, பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். வழுக்கும் பேப்பரை விரித்தால் கால் விரிந்துபோகும், சாக்குத் துண்டு நல்லது. குஞ்சுகள் பல்புக்குக் கீழே குவிந்தால் குளிர், ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு.

பின்னால் சொல்கிறேன் என்ற காரணம் தடுப்பு மருந்து. யுத்தம் முடிந்த காலத்தில் வாழ்வாதார உதவி என்று குஞ்சுகள் கொடுத்தார்கள். எத்தனையோ வீடுகளில் ஒரு மாதத்தில் கூடு வெறுமையானது. தந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள், தடுப்பூசி பற்றி யாரும் பேசவில்லை. இராணிக்கெட் நோய் வந்தால் மருந்து இல்லை, வருமுன் தடுப்பது மட்டும்தான். முதல் கிழமையிலேயே கண்ணில் சொட்டாக விடும் மருந்து இருக்கிறது. ஆனால் ஒரு குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் காணும். கலந்தால் சில மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும். ஐந்து குஞ்சு வைத்திருப்பவள் தனியாக எப்படி வாங்குவது? பெட்டியில் பல வீட்டு முட்டைகள் ஒரே நாளில் பொரிக்கும்போது எல்லாக் குஞ்சுக்கும் ஒரே வயது. ஐந்தாறு பேர் சேர்ந்து, கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, ஒரு குப்பியை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் விட்டுவிடலாம்.

பெரிய இன்குபேட்டர் வாங்கக் கடன் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வரவேண்டியிருந்தது என்றால், அந்தக் கடன்கள் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தின என்று யோசித்துப் பாருங்கள். கிழமைக் கட்டுப்பணம் வாசலுக்கு வந்துவிடும், குஞ்சு 21 நாளுக்கு முன் வராது. மீன்பெட்டியில் முப்பது முட்டையோடு தொடங்குங்கள்.

முட்டை கொண்டுவருபவர்கள் ஏழு நாளுக்கு மேற்படாத முட்டையாகப் பார்த்து எடுங்கள். இட்ட திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். கழுவவேண்டாம், பிரிட்ஜில் வைக்கவேண்டாம். பெருத்த முனை மேலே இருக்க, உமிக்குள் புதைத்துக் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் குலுங்கி வரும் முட்டையை ஒரு இரவு ஆறவிட்டுத்தான் பெட்டியில் வைப்பேன், அதனால் அன்றைக்கே வைக்கச் சொல்லி நிற்கவேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் படுவான்கரை வழிகளில் வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் அடைக்கோழி கிடைத்தால் அதிலேயே வைத்துவிடுங்கள்.