உங்களுக்குத் தெரியுமா? பாறை ஏறும், ஆள் மாறும்!

பிரமையும் துப்பறிதலும் கலந்த படங்களுக்குத் தனிச் சுவை உண்டு. தென்காசி, குற்றாலத்தில் தொடங்கிச் சில தகவல்கள்...

● அந்நியன் பாறை: ஷங்கர் இயக்கிய 'அந்நியன்' 2005 ஜூன் 17 அன்று வெளியானது. அதன் கிராமத்துப் பாட்டுக்காகத் தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் பாறை மீது சினிமா நட்சத்திரங்களின் முகங்களை வரைந்தார்கள். அந்த இடத்துக்கே 'அந்நியன் பாறை' என்று பெயர் நிலைத்துவிட்டது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருபவர்கள் அதையும் எட்டிப் பார்க்கிறார்கள்.

● கொலையாளிக்கே தெரியாது: கருட புராணத் தண்டனைகளின்படி நடக்கும் கொலைகளை டி.சி.பி. பிரபாகர் துப்பறிகிறார். கொன்றது யார் என்று அவருக்கும் தெரியாது. கொல்வது, நாயகன் அம்பிக்குள் இருக்கும் 'அந்நியன்' என்ற இன்னோர் ஆளுமை; அது அம்பிக்கும் தெரியாது. படம் பார்க்கும் நமக்கு மட்டும் தெரியும். அதனால்தான் விசாரணைக் காட்சியில், ஒரே முகத்தில் அம்பியும் அந்நியனும் மாறி மாறி வரும்போது நெஞ்சு படபடக்கிறது. விக்ரமின் நடிப்பில் அது ஓர் உச்சம்.

● 'அந்நியன்' வசனம் யார்? கணேஷ், வசந்த் என்ற துப்பறியும் வக்கீல்களைப் படைத்த சுஜாதாதான்! பேய் நடமாட்டத்தையும் ஹோலோகிராம் என்ற முப்பரிமாண ஒளிப்பிம்பத்தையும் வைத்து 'கொலையுதிர் காலம்' என்ற மர்மத் தொடரை எழுதியவரும் அவரே.

● ஆளுக்கொரு கதை: எஸ்.பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) படத்தில் கொலை ஒன்றுதான். விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் வேறொருவரைக் கை காட்டுகிறார்கள். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படமும் இதுதான்.

● நிழலையும் வரைந்தார்கள்: 1920-ல் வந்த ஜெர்மானிய மௌனப் படம் 'டாக்டர் கலிகரி'. கோணல் வீடுகள், வளைந்த தெருக்கள் மட்டுமல்ல, நிழலையும் ஒளியையும்கூட அரங்கில் பெயிண்டால் தீட்டினார்கள். கொலைகளைத் துப்பறிந்து கதை சொல்லிவந்தவனே மனநல விடுதியில் இருப்பவன் என்பது கடைசியில்தான் தெரியவரும். அதுவரை நாம் நம்பிய அத்தனையும் ஆட்டம் காணும்.

● குற்றாலத்தில் செய்து பாருங்கள்: கொட்டும் அருவியில் ஒரே இடத்தை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு பக்கத்துப் பாறையைப் பாருங்கள். பாறை மேலே ஏறுவது போலத் தெரியும்! கீழ்நோக்கிய அசைவை உணரும் மூளைச் செல்கள் சோர்ந்துபோக, மேல்நோக்கிய அசைவை உணரும் செல்களின் கை ஓங்குகிறது. ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியில் இதைக் கண்டு 1834-ல் எழுதினார் ராபர்ட் ஆடம்ஸ்.

● அதுவும் இதுவும் ஒன்றல்ல: பாறை ஏறுவது எல்லார் கண்ணுக்கும் நேரும் மயக்கம். இல்லாத குரல் கேட்பதும் இல்லாத உருவம் தெரிவதும் பிரமை. ஒருவருக்குள் பல ஆளுமைகள் இருப்பது இன்னொரு நிலை. மனச்சிதைவு நோயும் அதுவும் வெவ்வேறு. சினிமா இவற்றை அடிக்கடி ஒன்றாகக் குழப்பிவிடுகிறது.

● படத்தை நம்பிப் பயப்படாதீர்கள்: திரையில் மனநோயாளி என்றால் கத்தி தூக்குவார். நிஜத்தில் அவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. வன்முறைக்கு அவர்களே இரையாவதுதான் அதிகம். வீட்டில் யாருக்காவது இல்லாத குரல் கேட்டால் ஒளிக்க வேண்டாம், ஒதுக்க வேண்டாம். மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.